ஓய்வு பெற்ற ஆசிரியை எழுதும் கடிதம்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். என் நலத்தை அறிய உனக்கு எவ்வளவு ஆவல் என்பதும் போன வியாழக்கிழமையோடு தெரிந்துவிட்டது. படிக்க, எழுத என்று நீ அனுப்பிய மின்சாரப் பலகையில்தான் இதை எழுதுகிறேன். அதற்கு நீ ஆங்கிலத்தில் ஏதோ பெயர் சொன்னாய், எனக்கு அது பலகைதான். எழுத உட்காரும்போதுதான் போனை அணைத்து அலுமாரிக்குள் வைத்தேன். போன் பக்கத்தில் இருந்தால் நான் எழுதுவதெல்லாம் தானாக உன் கைக்கு வந்துவிடும் என்பது இப்போது எனக்குத் தெரியும். பாதியைப் படித்துவிட்டு நீ அழைத்து, "அம்மா, நான் சொல்றத கொஞ்சம் கேளுங்க" என்று ஆரம்பித்துவிடக் கூடாது. இத்தனை வருடம் நான் கேட்டாயிற்று, இந்த ஒரு தடவை நீ கேள். உன் கணக்குக்குள் வேறு யாராவது எட்டிப் பார்த்தால் அவர்களும் தாராளமாகப் படிக்கட்டும். மூடி மூடி வைத்துத்தான் இந்த லட்சணத்துக்கு வந்து நிற்கிறோம்.

முதலில் பலகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் தேயிலைத் தோட்டத்துக் கிழவிக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை, அந்த ஆத்திரத்தில் எழுதுகிறாள் என்று நீ உன் மனதுக்குள் தீர்ப்பு எழுதி முடித்துவிடுவாய். பார்சல் வந்திருப்பதாகப் பதுளையிலிருந்து துணிக்கடை ஹாஜியாரின் மகன்தான் போன் செய்தார். முப்பது வயது தாண்டிய இன்ஜினியர் நீ, பெற்ற தாய்க்கு ஒரு பொருள் அனுப்ப இன்றைக்கும் பசார் வீதித் துணிக்கடையின் முகவரிதான் உன் கைக்கு வருகிறது. போய் வாங்கி, நம் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் வைத்துப் பிரித்தபோது லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் சுற்றி நின்றார்கள். "என்னக்கா, டீவியா?" என்று பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி கேட்டாள். "ஆமாடி, படம் ஓடாத டீவி" என்றேன். வெளிச்சம் இல்லை, நிறம் இல்லை, சத்தம் இல்லை. பக்கம் திருப்பினால் ஒரு தரம் கறுத்துப்போய்ப் பிறகு வெளுக்கிறது. இதற்கா இவ்வளவு பெரிய பெட்டி என்று எல்லோரும் கலைந்து போனார்கள். என் கையெழுத்தை அச்செழுத்தாக மாற்றும் என்று நீ போனில் பெருமை அடித்தாயே, அதையும் பார்த்தேன். 'இன்றைக்கு மலையில் மழை' என்று அழகாக எழுதிப் பொத்தானை அழுத்தினேன். நாலு ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் ஒரு கேள்விக்குறியும் வந்தது. தமிழ் எழுத்தை அதுவரை கண்ணாலேயே கண்டிராத பலகை போல.

ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன், எனக்கு அது பிடித்துப்போயிற்று. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? வலது கண்ணில் படர்ந்த வெள்ளையை எடுத்த பிறகும் பத்திரிகை எழுத்தெல்லாம் எறும்பு வரிசையாகத்தான் தெரிந்தது. இதில் எழுத்தைக் கொட்டைப்பாக்கு அளவுக்குப் பெருப்பித்துக்கொள்ள முடிகிறது. கண் கூசுவதில்லை. அந்தப் பேனாவில் மை இல்லை, ஆனாலும் எழுதும்போது தாளில் உரசுகிற மாதிரியே ஒரு சத்தம் வருகிறது. தலைகீழாகப் பிடித்துத் தேய்த்தால் எழுதியது தடம் தெரியாமல் அழிகிறது. உள்ளங்கையை எங்கே வைத்தாலும் அது கோபித்துக்கொள்வதில்லை. நீ போட்டு அனுப்பிய புத்தகங்களின் ஓரமெல்லாம் எழுதித் தள்ளினேன். ஓய்வுக் காலத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஒருவர் எழுதியிருக்கிறார், தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டுமாம். 'இருபத்தைந்து வருடம் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கினவளுக்கு இவர் நடக்கக் கற்றுக்கொடுக்கிறார்' என்று பக்கத்தில் எழுதி வைத்தேன். மற்றதெல்லாம் வகுப்பறையை நடத்துவது, பிள்ளைகளின் மனதைப் புரிந்துகொள்வது, கற்பித்தலில் புதிய முறைகள் என்றே இருந்தன. கதைப் புத்தகம் கேட்டவளுக்கு இவன் ஏன் வாத்தியார்களுக்கான புத்தகமாக அனுப்பியிருக்கிறான் என்று அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொழும்பில் இதுதான் மலிவாகக் கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை பகல் நான் எழுதிய பக்கம் ஒன்றைக் காணவில்லை. நீ எனக்குக் கற்றுக்கொடுத்தது இரண்டே பொத்தான், திறக்க ஒன்று, மூட ஒன்று. மற்ற எதையும் தொடவேண்டாம், குழம்பிவிடும் என்றாய். குழம்பினால் குழம்பட்டும் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். என் குறிப்புகளுக்குப் பக்கத்தில் இன்னும் நாலு நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. இரண்டில் உன் வேலைக் கணக்குகள். ஒன்று வெறுமை. நாலாவதின் மேல் 'கல்யாணம்' என்று எழுதியிருந்தது. உன் பலகையும் என் பலகையும் ஒரே கணக்கில் கிடப்பது எனக்கு அப்போது தெரியாது. எனக்கென்று தனியாக ஒன்று திறந்து தர உனக்குச் சோம்பல். இவள் எங்கே இதையெல்லாம் நோண்டப்போகிறாள் என்ற தைரியம் வேறு. உன் எழுத்தைக் கண்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை பேருக்குச் சாப்பாடு, என்ன புடவை என்று இருக்கும், அம்மாவும் ஒரு கை பார்க்கலாம் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் வரியே நான்தான். 'அம்மா, ஓய்வு பெற்ற ஆசிரியை' என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் 'பெண் வீட்டாரிடம் சொல்லியாயிற்று' என்று போட்டிருந்தாய். அடுத்தது வீடு. பதுளை டவுனில் ஒரு மாதத்துக்கு எடுத்த மாடி வீடு, சாவி சனிக்கிழமை கிடைக்கும், அம்மாவின் பழைய படம் இரண்டைச் சுவரில் மாட்ட வேண்டும். மூன்றாவது வெற்றிலை, 'ஞாயிறு அவர்கள் வரும் அன்றைக்கு மட்டும் வேண்டாம்' என்று. நாலாவது, அம்மா அதிகம் பேசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவது என் கை. நகத்துக்கும் விரலுக்கும் பூச ஏதாவது வாங்க வேண்டுமாம். ஆறாவது இந்தப் பலகை. அதை மேசை மேல் வைக்க வேண்டும், 'அவர்கள் வரும் நேரம் அம்மா படித்துக்கொண்டிருந்தால் நல்லது' என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எழுத்தைப் பெரிதாக்கி ஒரு தரம், சிறிதாக்கி ஒரு தரம். என் கண்ணுக்காக வாங்கினாய் என்றுதான் நான் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன் நாடகத்தில் என் மடியில் வைப்பதற்கு ஒரு சாமான் வாங்கியிருக்கிறாய்.

அதற்குக் கீழே ஒரு வரியை எழுதி அடித்திருந்தாய். அழிக்கவில்லை, அடித்திருந்தாய், அதனால் படிக்க முடிந்தது. 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டால் என்ன?' பக்கத்தின் அடியில் 'அம்மாவிடம் எப்படிச் சொல்வது?' என்று எழுதி இரண்டு கோடு கிழித்திருந்தாய். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

தம்பி, நீ இவ்வளவு கெட்டிக்காரனாக இருந்துகொண்டு இவ்வளவு மட்டமாகவா யோசிப்பாய்? பொய் சொல்வதற்கும் கொஞ்சம் மூளை வேண்டும். பெண்ணின் அப்பா பண்டாரவளையில் டொக்டராக இருந்தவர். தாய் யார்? யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்த ஊவா மாகாணத்திலேயே முப்பது வருடம் படிப்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை. ஓய்வு பெற்ற ஆசிரியை முன்னால் கொண்டுபோய் இன்னொரு ஓய்வு பெற்ற ஆசிரியையாக என்னை உட்கார வைக்கப் பார்த்தாயே! எந்தப் பள்ளிக்கூடம், எந்த அதிபர், எந்த வருடம் நியமனம் என்று அந்த அம்மா தேத்தண்ணி ஆறுவதற்குள் கேட்டு முடித்துவிடுவார். அதற்கெல்லாம் வாயை மூடிக்கொண்டு இந்தச் சாம்பல் பலகையைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருப்பேன் என்று உனக்கு யார் சொன்னது? பாலம் கட்டுகிறவன் நீ. உன் பாலத்தில் ஏறுகிறவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. என் விரலுக்குப் பூச மருந்து வாங்குகிற நேரத்தில், உன் முகத்துக்கும் ஏதாவது வாங்கிக்கொள், அதில்தான் நிறையப் பூசி மெழுக வேண்டியிருக்கிறது.

இவ்வளவு திட்டிவிட்டு நான் யோக்கியம் என்று நினைத்துவிடாதே. மறுநாளே அந்தப் பெண் எனக்குப் போன் எடுத்தது. உன்னிடம் சொல்லியிருக்காது. குரலில் கள்ளம் இல்லாத பிள்ளை. "மாமி, சுகமா இருக்கிறியளோ? அம்மா உங்களோட கதைக்க ஆசைப்படுறா. அவவும் டீச்சர்தானே. நீங்கள் என்ன வகுப்பு படிப்பிச்சனீங்கள் எண்டு கேட்டவ" என்றது. முதல் நாள் முழுக்க உன்னைக் கரித்துக்கொட்டிய அதே வாயால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சின்ன வகுப்புதாம்மா" என்றேன். எத்தனை வருடம் என்று கேட்டது. "பதினாலு வருஷம்மா" என்றேன். தடுமாறவே இல்லை. யாரோ சொல்லிக்கொடுத்து வைத்த மாதிரி வந்தது. போனை வைத்தேன். இதே குரலில் இதே மாதிரி நான் முன்னாலும் ஒரு தடவை பேசியிருக்கிறேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நீயும் பக்கத்தில்தான் நின்றாய்.

உன் அப்பா கண்ணை மூடிய அடுத்த வருடம் அது தொடங்கியது. டவுன் பள்ளிக்கூடத்தில் டவுன் முகவரி இருந்தால்தான் இடம் என்றார்கள். தோட்டத்தில் நமக்கு முகவரி ஏது? எல்லோருடைய கடிதமும் ஒரே பையில் ஒபீஸுக்கு வரும், அங்கே கிடந்து, மனம் வந்தால் லயத்துக்கு வரும். ஹாஜியாரிடம் போய் நின்றேன். நாம் தீபாவளிக்குத் துணி எடுக்கும் கடை, அவ்வளவுதான் உறவு. "அட்ரஸ்தானே தங்கச்சி, என்ட கடை அட்ரஸ எழுதிக்கொள்ளுங்கோ. புள்ள படிக்கட்டும்" என்று விண்ணப்பப் பாரத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அந்த மனிதர் செய்தது உதவி. அதை வைத்து நான் செய்ததுதான் கூத்து. எங்கே இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் பதுளை டவுன் என்று சொல்ல வேண்டும் என்று உனக்குக் காலையில் தலை சீவும்போதெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். பஸ்ஸில் தோட்டத்துப் பிள்ளைகளோடு பேசாதே என்றேன். லயம் என்ற வார்த்தையே உன் வாயில் வரக்கூடாது என்றேன். சொல்லச் சொல்லக் கிளிப்பிள்ளையாகக் கற்றுக்கொண்டாய்.

நாலாம் வகுப்பில் உனக்கு முதல் பரிசு கிடைத்தது. கங்காணியிடம் கெஞ்சி அரை நாள் கேட்டு வாங்கினேன். தேசிக்காய் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன், கொழுந்துக் கறை விரலை விட்டுப் போகவில்லை. கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். முடிந்து வெளியே வரும்போது வாசலில் உன் வகுப்பு டீச்சர் நின்றார். என் விரலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "நீங்க இவர்ட அம்மாவோ?" என்று கேட்டார். ஆமாம் என்றால் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார், பாரத்தை எடுத்துப் பார்ப்பார், மறுநாள் உன்னை அனுப்பிவிடுவார்கள். அந்தப் பயத்தில், "இல்லங்க மிஸ், நான் கடைவீட்டுல வேலை செய்றவ. தம்பிய கூட்டிட்டுப் போக வந்தேன்" என்றேன். அவர் சிரித்தார். "அப்ப அம்மாட்ட சொல்லுங்கோ, பிள்ளை நல்ல கெட்டிக்காரன் எண்டு." "சொல்றேங்க மிஸ்" என்றேன்.

நீ என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாய். பிறகு தோளிலிருந்து பையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, பரிசுப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாய். நான் பையைத் தூக்கிக்கொண்டு பத்தடி பின்னால் வந்தேன். பஸ் நிலையம் வரைக்கும் நீ திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் டவுனைத் தாண்டி மலை ஏறத் தொடங்கிய பிறகுதான் என் மடியில் தலை வைத்துத் தூங்கினாய். அன்றைக்கு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அழவில்லை. பெருமைப்பட்டேன். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எப்படிப் புரிந்துகொண்டான் பார், இவன் பிழைத்துக்கொள்வான் என்று உன் தலையைத் தடவிக்கொண்டு வந்தேன். அந்த இடத்தில் பையை உன் கையிலேயே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். டீச்சரிடம் சொன்ன பொய்க்குப் பயம் காரணம், அதற்கு என்னை நான் மன்னித்துவிடுவேன். பையை வாங்கிக்கொண்டு பெருமைப்பட்டேன் பார், அதை நினைத்தால் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. உன் பட்டியல் போன மாதம் எழுதியது இல்லை, தம்பி. அன்றைக்கே முதல் வரியை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் எனக்கு ஒரு சாக்கு இருந்தது. நீ பத்து வயதுப் பிள்ளை, உன்னை அனுப்பிவிட்டால் அந்த வருடத்தோடு உன் படிப்பு முடிந்துவிடும். உனக்கு இன்றைக்கு என்ன சாக்கு? உன் பட்டத்தை யாரும் பறிக்கப்போவதில்லை. உன் வேலையிலிருந்து யாரும் அனுப்பப்போவதில்லை. ஒரு டொக்டர் வீட்டுக் கதிரையில் கால் மேல் கால் போட்டு உட்கார உனக்கு ஆசை. அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நான் ஒரு அவலட்சணம். அவ்வளவுதானே? டொக்டர் வீடு என்றால் வானத்திலிருந்து விழுந்த வீடா? அந்த மனிதர் எத்தனை லயத்துப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டிருப்பார், அவருக்குத் தெரியாத லயமா? அவர்கள் பெருமை பேசுகிறவர்களாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அது அவர்கள் பாடு. அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே நீ காலடியில் போய்ப் படுத்துக்கொண்டாயே, அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

நான் என்ன வேலை செய்தேன் என்பது உனக்கு உண்மையிலேயே மறந்துபோயிருக்கலாம் என்பதால் சொல்கிறேன். நீ உயர்தரம் படிக்கப் போன பிறகு எனக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை கொடுத்தார்கள். காலையில் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற தாய்மார் கைப்பிள்ளையை என் கையில் தந்துவிட்டு மலைக்கு ஏறுவார்கள். பதினாலு வருடம். ஏணை ஆட்டினேன், பால் கரைத்தேன், நிறை பார்த்து எழுதி வைத்தேன், வயிற்றோட்டம் என்றால் தூக்கிக்கொண்டு ஓடினேன். எல்லோருக்கும் நான் ஆயம்மா. கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்யப் போன அன்றைக்கு, வெள்ளைச் சட்டை போட்ட பயிற்சித் தாதி ஒருத்தி என் பெயரைப் படித்துவிட்டு நின்றாள். "ஆயம்மா! என்னைத் தெரியலயா? ஆறாம் லயம்" என்று வார்டு முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டாள். பக்கத்தில் நின்ற டொக்டரிடம், "என்னை வளர்த்தவங்க சேர்" என்றாள். அவளுக்கு வெட்கம் வரவில்லை. நீ அன்றைக்கு வரவில்லை, முக்கியமான கூட்டம் என்றாய். வந்திருந்தால் அந்த வார்டில் நீ எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியிருப்பாய் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

திங்கட்கிழமை காலை அந்தப் பெண்ணுக்கு நான் போன் எடுத்தேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ அழுதிருப்பாய், நான் இரங்கியிருப்பேன். "ஒரு விசயம்மா. நான் அன்னைக்கு ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். நான் டீச்சர் இல்ல. கொழுந்து எடுத்தேன், பொறவு பிள்ளைக்காம்பராவுல ஆயம்மாவா இருந்தேன். டவுன்ல எங்களுக்கு வீடு இல்ல. லயத்துலதான் இருக்கேன்" என்றேன். மெதுவாக, "அப்ப அவர் சொன்னது?" என்று கேட்டது. "அவன் சொன்னத அவன்கிட்டதான் கேக்கணும். நான் சொன்ன பொய்க்குத்தான் நான் போன் எடுத்தேன்" என்றேன். உன் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்த அசிங்கத்தை நானா வெளியே காட்டுவேன்? "ஞாயித்துக்கெழமை வாறதா இருந்தா இங்க வாங்கம்மா. ஸ்பிரிங்வெளி, ஏழாம் லயம், கடைசிக் காம்பரா" என்று மட்டும் சொன்னேன். "அப்பாட்ட சொல்லவேணும், மாமி" என்றது. "சொல்லுங்க" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. இன்றைக்குப் புதன்கிழமை. அங்கிருந்து ஒரு போனும் இல்லை. உன்னிடமிருந்தும் இல்லை. அந்தப் பிள்ளை உன்னிடம் கேட்டுவிட்டதா, கேட்கப் பயந்துகொண்டிருக்கிறதா, எனக்குத் தெரியாது.

கல்யாணம் நின்றுபோகலாம். அதைத் தெரிந்துகொண்டுதான் செய்தேன். எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே, மூன்று நாளாகப் போனைக் கையோடு வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்திருக்கிறது. என்னை மாமி என்று கூப்பிட்டபோது மனம் குளிர்ந்தது. நின்றுபோனால் நீ என்னைச் சாகும் வரைக்கும் மன்னிக்கமாட்டாய், நன்றாகத் தெரியும். ஆனால் நடந்தால் எப்படி நடக்கும் என்றும் யோசித்துப் பார்த்தேன். மணவறைக்குப் பக்கத்தில் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நிற்பேன். உனக்கு ஒரு பிள்ளை பிறக்கும், பார்க்க வருவேன், ஏணை ஆட்டுவேன். யாராவது ஆயம்மா என்று கூப்பிட்டுவிடுவார்களோ என்று நீ வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாய். உன் பிள்ளை உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கும் ஒரு நாளைக்குப் பத்து வயது ஆகும், யார் கையில் பையைக் கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே கற்றுக்கொள்ளும்.

அந்த டவுன் வீட்டின் சாவியை வாங்காதே. என் படத்தை அந்தச் சுவரில் மாட்டாதே. உன் பட்டியலை ஒரு தரம் திறந்து பார், திருத்தி வைத்திருக்கிறேன். ஆசிரியை என்றால் திருத்த வேண்டாமா? முதல் வரியை அடித்துவிட்டு 'ஆயம்மா' என்று எழுதியிருக்கிறேன். வெற்றிலைக்குப் பக்கத்தில் 'போடுவேன்' என்று எழுதியிருக்கிறேன். பலகைக்குப் பக்கத்தில் 'தரமாட்டேன்' என்று இருக்கும். எதற்காக வாங்கினாயோ போகட்டும், அது இப்போது என்னுடையது, இதில் இன்னும் எவ்வளவோ எழுத வேண்டும். அடுத்த பக்கத்தில் வழி வரைந்து வைத்திருக்கிறேன், பஸ் நிற்கும் இடம், கோயில், பிள்ளைக்காம்பரா, படிக்கட்டு, நம் இஸ்தோப்பு. அந்த வீட்டார் கேட்டால் அனுப்பு. உனக்கும் ஒரு வேளை தேவைப்படும். பக்கத்தின் அடியில் 'அம்மாவிடம் எப்படிச் சொல்வது?' என்று கேட்டு இரண்டு கோடு கிழித்துவிட்டு நிறுத்தியிருந்தாயே, அதற்கும் பதில் எழுதியிருக்கிறேன். 'நேரில் வந்து.'

ஞாயிற்றுக்கிழமை நான் எங்கேயும் போகமாட்டேன். கோழி அடித்து, ரொட்டி சுட்டு, இருக்கிற நாலு கதிரையையும் இஸ்தோப்பில் போட்டு வைப்பேன். அவர்கள் வந்தால் வாங்க என்பேன், வராவிட்டால் லயத்துப் பிள்ளைகள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். இப்போது போனை எடுத்துப் பலகைக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறேன், இது உன்னிடம் வந்துவிடும். யார் வந்தாலும் வராவிட்டாலும் நீ காலை பஸ்ஸில் வந்துவிடு. பஸ் நிற்கும் இடத்தில் நான் நிற்கமாட்டேன். உன் பையை நீயே தூக்கிக்கொண்டு, எல்லோரும் பார்க்க லயத்து வழியாக நடந்து வா.

அம்மா